உண்டியல்ல கிடைச்ச 1943 ஒரு சதம்: எழுத்து ரெட்டையா இருக்கு, கிரேடிங் கம்பனி ஏன் எழுதித் தரல?

#1 ஹட்டன்_சில்லறை

எல்லாருக்கும் வணக்கம். நான் ஹட்டன் பக்கம். மூணு வருஷமா இங்க வாசிக்கிறேன், எழுதுறது இதுதான் முதல் தடவை. நீண்டு போனா மன்னிச்சிருங்க.

எங்க டிவிஷன் மாரியம்மன் கோயில் தேர் முடிஞ்சு உண்டியல் எண்ணுறப்ப நானும் உட்காந்திருந்தேன். எப்பவும் போல செல்லாக்காசு ஒரு கைப்பிடி வந்திச்சு. பழைய ஒரு சதம், ரெண்டு சதம், வெளிநாட்டுக்குப் போய் வந்த பிள்ளைங்க போட்ட அந்த ஊர்க் காசு. அதை யாரும் கணக்குல சேக்க மாட்டாங்க, ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல்ல போட்டு வைப்பாங்க. இந்தத் தடவை அதுல 1943 ஒரு சதம் ஒன்னு. ஆறாம் ஜோர்ஜ் தலை, பின்பக்கம் மரம். கறுத்திருந்தாலும் தேயல. கமிட்டித் தலைவர்கிட்ட கேட்டு, ஆயிரம் ரூபாவை உண்டியல்ல போட்டுட்டு எடுத்துக்கிட்டேன். (இதை இப்பவே சொல்லிடுறேன். இல்லாட்டி சாமி காசுல கை வச்சான்னு யாராச்சும் ஆரம்பிப்பீங்க.)

வீட்டுக்கு வந்து லென்ஸ் வச்சா, தமிழ் எழுத்து ரெட்டையா நிக்குது. 'சதம்'ல கடைசி எழுத்து மேல ஒரு புள்ளிதானே இருக்கணும்? ரெண்டு இருக்கு. ஒன்னை ஒன்னு தொட்டுக்கிட்டு, படுத்த எட்டு மாதிரி.

கொழும்புல ஒருத்தர் கிரேடிங்குக்கு, அதாவது காசு அசலா, என்ன தரம்னு பாத்துச் சொல்றதுக்கு, வெளிநாட்டுக்கு அனுப்புறார்னு கேள்விப்பட்டு அவர்கிட்ட குடுத்தேன். ஆறு மாசம் கழிச்சு பிளாஸ்டிக் பெட்டியில திரும்பி வந்திச்சு. லேபிள்ல நாடு, வருஷம், பெறுமதி, கிரேடு. அவ்வளவுதான். ரெட்டை எழுத்தைப் பத்தி மூச்சே இல்ல. கேட்டா 'இது நாங்கள் அங்கீகரிக்கும் வெரைட்டி அல்ல'ன்னு ஒரே வரியில பதில்.

காசுல இருக்கிறது இருக்கிறதுதானே? அதை ஏத்துக்கிறதும் தள்ளுறதும் எந்தக் கணக்குல?

#2 பண்டாரவளை_மணிக்கூடு

படம் போடுங்க தம்பி. முப்பது வருஷமா கண்ணுல லூப்பை மாட்டிக்கிட்டு மணிக்கூடு திறக்கிறவன் நான். ரெட்டையா தெரியிறதுல பாதிக்கு மேல ரெட்டையே இல்ல.

ரெண்டாவது எழுத்து தட்டையா, படிக்கட்டு மாதிரி, முதல் எழுத்தை விடப் பள்ளமா கிடந்தா அது மெஷின் டபுளிங். அச்சு சரியா இறுகாம ஆடியிருக்கும். காசை அடிச்ச அதே நொடியில அச்சு லேசா நகர்ந்து, அப்பதான் எழும்பின எழுத்தோட ஓரத்தை நசுக்கிரும். அதுல எழுத்து மெலியும், தடிக்காது. நடந்தது அந்த ஒரு அடியில, அச்சுல எதுவும் இல்ல. அதைக் கம்பனி தள்ளுறது நியாயம்தான்.

ரெண்டு எழுத்தும் உருண்டையா, ஒரே உயரமா, எழுத்து நுனி பிளந்தாப்போல இருந்தா கதை வேற. அப்ப அது அச்சுக்குள்ளயே இருக்கு.

இதுக்கு நடுவுல மூணாவதா ஒன்னு இருக்கு, ஆளை ஏமாத்துறது. அச்சுத் தேயத் தேய எழுத்தெல்லாம் ஊதிக்கிட்டு, ஓரத்துல நிழல் விழுந்த மாதிரி வரும். அமெரிக்காவுல 1955 ஒரு சென்ட்ல அப்படி ஒரு ரகம் இருக்கு, 'ஏழையோட டபுள் டை'ன்னே (டபுள் டைன்னா ரெட்டை அச்சு) பேர் வச்சிட்டாங்க. சந்தையில விக்கிறாங்க, ஆனா அது வெறும் தேய்மானம்தான்.

காசைக் கழுவினீங்களா? உண்மையைச் சொல்லுங்க.

#3 ஹட்டன்_சில்லறை

கழுவலண்ணே. எங்க மாமா தேசிக்காயும் உப்பும் எடுத்துக்கிட்டே வந்தாரு, கையைப் பிடிச்சு நிறுத்திட்டேன். லேபிள்ல நம்பர் கிரேடுதான் வந்திருக்கு, கழுவின, பழுதான காசுக்குப் போடுற 'டீட்டெய்ல்ஸ்'னு தட்டிவிடல.

படம் மூணு போட்டிருக்கேன். பெட்டியோட எடுத்ததால கொஞ்சம் மினுங்குது. புள்ளி ரெண்டும் உருண்டை, ஒரே உயரம். 'த' வோட வளைவுல ஒரு பிளவு இருக்கு, நகத்துக்கண் அளவு கூட இல்ல, ஆனா தெளிவா இருக்கு. மரத்துலயும் இங்கிலீஸ் எழுத்துலயும் எனக்கு ஒன்னும் தெரியல.

#4 பண்டாரவளை_மணிக்கூடு

மூணாவது படம் நல்லா இருக்கு. நான் பாத்த வரைக்கும் இது ஆட்டம் இல்ல, அச்சுதான். கண்டி மாஸ்டர் எங்க? அவர் வந்து சொல்லட்டும்.

#5 கண்டி_யானைக்காசு

வந்துவிட்டேன். பாடம் நடத்துகிற தொழில், நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், நாணயசாலையில் என்ன நடந்திருக்கும்? காசில் தெரிவது போலவே படமும் எழுத்தும் மேடாக இருக்கிற ஒரு தாய் உருக்கு இருக்கும், ஹப் என்பார்கள். அதை மென்மையான உருக்கில் அழுத்தினால் படம் குழியாக இறங்கும். அதுதான் காசு அடிக்கிற அச்சு. அந்தக் காலத்தில் ஒரே அழுத்தில் படம் முழுதாக இறங்காது. அச்சை எடுத்துச் சூடாக்கி, இளக்கி, மறுபடி வைத்து அழுத்துவார்கள். அந்த இரண்டாம் தடவை ஒரு மயிரிழை திரும்பிப் போயிருந்தால் எழுத்து இரண்டாக விழும். பிறகு அந்த அச்சு உடையும் வரை அதில் விழுகிற ஒவ்வொரு காசிலும் அதே இரண்டு புள்ளி இருக்கும். வெரைட்டி என்பது இதுதான்: ஓர் அச்சின் அடையாளம், அதன் பிள்ளைகள் எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வருவது. ஓரம் நறுக்குப்பட்ட காசு, நடுவிலிருந்து விலகி அடிபட்ட காசு எல்லாம் ஒற்றை விபத்து, அவற்றை 'மின்ட் எரர்' என்று தனியாக எழுதுவார்கள்.

இனி உங்கள் கேள்வி. கிரேடிங் கம்பனிகள் வெரைட்டி தேடுவதற்காகத் தொடங்கப்பட்டவை அல்ல. பிசிஜிஎஸ் 1986இலும் என்ஜிசி 1987இலும் வேலையைத் தொடங்கியபோது அவற்றின் தலையாய வேலை இரண்டு: காசு அசலா என்று பார்ப்பது, 1 முதல் 70 வரையான ஷெல்டன் அளவில் எங்கே நிற்கிறது என்று சொல்வது. வெரைட்டி பிற்பாடு சேர்ந்த வியாபாரம். அதிலும் அவர்கள் தாங்களாகக் கண்டுபிடிப்பது அபூர்வம். வேறு யாரோ வருஷக்கணக்காக உட்கார்ந்து தயாரித்த பட்டியலைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். அமெரிக்க வெள்ளி டொலரில் 'வாம்' எண் என்று இருக்கிறதே, அது வான் ஆலன், மாலிஸ் என்ற இரண்டு சேகரிப்பாளர்களின் பெயரின் முதல் எழுத்துகள். 'எஃப்எஸ்' எண் என்பது பிவாஸ், ஸ்டான்டன் என்ற இருவருடையது. வாம் பட்டியலில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அதிலிருந்து 100ஐ மட்டும் பொறுக்கி 1996இல் ஒரு தெரிவுப் பட்டியல் வந்தது. சந்தை அந்த நூறைத்தான் துரத்தியது.

ஆகவே ஒரு வெரைட்டி லேபிளில் ஏறப் பொதுவாக என்ன வேண்டும்? அது அச்சில் இருக்க வேண்டும், உங்களுடையதில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். சாதாரண ஐந்து மடங்கு லென்ஸில் சிரமமில்லாமல் தெரிய வேண்டும். மைக்ரோஸ்கோப் வைத்துத்தான் தெரியும் என்றால் அவர்களுக்கு ஆர்வம் இருக்காது. நம்பகமான ஒரு கட்டலொக்கில் எண் இருக்க வேண்டும். அதைத் தேடி வாங்க ஆள் இருக்க வேண்டும்.

உங்கள் காசு விழுந்தது மூன்றாவது படியில். வெளிநாட்டுக் காசுகளுக்கு அவர்கள் கைவைப்பது பெரும்பாலும் குரவ்சே கட்டலொக்கின் கேஎம் எண்ணில். அது உலகத்துக் காசு முழுவதையும் வகைப்படுத்தியது, அச்சு அச்சாகப் பார்த்தது அல்ல. நம் ஒரு சதத்தையே எடுங்கள். யுத்த காலத்தில் செம்பைச் சேமிக்க 1942இல் மெல்லிய வெண்கலக் காசு வந்தது. தடித்த செம்புக்கு ஓர் எண், மெல்லியதற்கு அதே எண்ணுடன் ஒரு சிறிய எழுத்து. அந்த வேறுபாடு லேபிளில் ஏறும். தமிழ்ப் புள்ளி இரண்டாக விழுந்ததை அந்தப் புத்தகம் பார்த்ததே இல்லை.

கடைசியாக ஒன்று. அனுப்பும் படிவத்தில் வெரைட்டிக்கென்று தனியாகக் கேட்டு, தனிக் கட்டணம் கட்டினீர்களா? மிகப் பேர்போன சிலதைத் தவிர மற்றதைக் கேட்காமல் பார்க்க மாட்டார்கள்.

#6 ஹட்டன்_சில்லறை

சேர், படிவத்தை நான் கண்ணாலயே பாக்கல. கொழும்புக்காரர்தான் நிரப்பினார். நான் சொன்னது 'ரெட்டை எழுத்து இருக்கு, கவனிங்க' மட்டும்தான். அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டுக்கு நான் குடுத்த காசை நினைச்சா இப்ப வயிறு எரியுது.

#7 சல்லி_ராஜா

பிரதர் 5,000 தாரேன். பெட்டியோட. இன்னைக்கே ஈசி கேஷ்.

#8 நானுஓயா_டீமேக்கர்

குடுக்காதீங்க தம்பி. ஒன்னும் இல்லாத காசுக்கு எவனும் ராத்திரி பதினொரு மணிக்கு விலை கேக்க மாட்டான்.

மாஸ்டர் சொன்னது எல்லாம் சரி. ஆனா 'அச்சுல இருக்கணும், லென்ஸ்ல தெரியணும்'னு விதி மாதிரி சொல்றீங்களே, அங்கதான் எனக்கு இடிக்குது. 1888 நியூ ஓர்லியன்ஸ் டொலர் ஒன்னு இருக்கு, 'ஸ்கார்ஃபேஸ்'னு. சுதந்திர தேவி முகத்துக்குக் குறுக்கால ஒரு வெடிப்பு. அது என்ன? அச்சு வெடிச்சது. அவ்வளவுதான். பிறக்கும்போது அந்த அச்சு நல்லாத்தான் இருந்திச்சு, வேலை செஞ்சு செஞ்சு வெடிச்சிருக்கு. அச்சு வெடிப்பெல்லாம் வெரைட்டி இல்ல, அச்சோட வயசுதான்னு மத்தக் காசுக்குச் சொல்றவங்க, இதுக்கு மட்டும் லேபிள்ல பேர் போட்டுக் குடுக்கிறாங்க. ஏன்? முகத்துல வெடிச்சிருக்கு, பாக்க பயங்கரமா இருக்கு, பேர் நல்லா இருக்கு, வாங்க ஆள் இருக்கு.

மூணு கால் எருமையும் அப்படித்தான். 1937 டென்வர் அஞ்சு சென்ட். அச்சைத் தேய்ச்சு மெருகு போட்டவன் கூடுதலா தேய்ச்சிட்டான், எருமைக்கு ஒரு முன்னங்கால் போயிருச்சு. மத்த அச்சுல மெருகு போட்டு ஒரு இலை, ஒரு கோடு போனா சீந்துவாங்களா?

நான் தேயிலைத் தொழிற்சாலையில இருந்தவன். பிஓபி, பிஓபிஎஃப், டஸ்ட்னு நாங்க பிரிக்கிறது சல்லடையில, இலையோட அளவை வச்சு. குடிக்கிறவங்க அது ருசியோட தரம்னு நினைக்கிறாங்க. கொழும்பு ஏலத்துல 1883ல இருந்து ஏலம் போடுறாங்க, கட்டலொக்குல எந்தப் பேர்ல போகுதோ அந்த விலை. தேயிலைக்கே அப்படின்னா காசுக்கு என்ன? கேக்குற ஆள் இருந்தா சல்லடையில ஒரு கண்ணி கூடும்.

#9 கண்டி_யானைக்காசு

டீமேக்கர் அண்ணன் பிடித்த இடம் சரிதான், அங்கே நான் வாதாட மாட்டேன். இன்னும் ஒன்று சேர்க்கிறேன். 2004 விஸ்கான்சின் கால் டொலரில் சோளக்கதிருக்குக் கூடுதலாக ஓர் இலை இருக்கிறது, மேலே நோக்கி ஒன்று, கீழே நோக்கி ஒன்று என இரண்டு ரகம். அச்சில் எப்படி வந்தது, தற்செயலா, யாரும் வேண்டுமென்றே கீறினார்களா என்று அன்று முதல் சண்டை. காரணம் தீராமலே பெரிய கம்பனிகள் லேபிளில் ஏற்றிவிட்டன.

ஆனால் 'எல்லாம் வியாபாரம்' என்று முடித்துவிடவும் முடியாது. 1922 ஒரு சென்ட்டைப் பாருங்கள். அந்த வருஷம் ஒரு சென்ட் அடித்தது டென்வரில் மட்டும், ஆகவே எல்லாவற்றிலும் 'டி' என்ற எழுத்து இருந்தாக வேண்டும். சில அச்சுகளில் அது தேய்ந்தும் அடைபட்டும் மங்கிப்போயிற்று. டி இல்லாத காசு என்று எல்லாரும் எல்லாவற்றையும் விற்கப் பார்த்தார்கள். கம்பனிகள் என்ன செய்தன? பின்பக்கம் கூர்மையாக விழுந்த ஒரே ஒரு அச்சுச் சோடிக்குத்தான் 'டி இல்லை' என்ற முழுப் பெயர். மற்றவற்றுக்கு 'மங்கிய டி' என்ற பெயர்தான். சந்தை கேட்டதையெல்லாம் கொடுத்திருந்தால் இந்தக் கோட்டைக் கீறியிருக்க மாட்டார்கள். எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு அந்த வார்த்தை அவர்கள் தலையில். அந்தப் பயமும் வேலை செய்கிறது.

#10 சல்லி_ராஜா

7,500. கடைசி.

#11 வல்வெட்டியான்_கண்டியில்

நான் வடக்குப் பெடியன், வேலைக்கு இஞ்ச வந்து எட்டு வருசம். கொஞ்சம் குறுக்க கதைக்கலாமோ?

இந்தியாக் காசு சேர்க்கிற ஆக்களுக்கு இந்தப் பிரச்சினை குறைவு. ஏனெண்டா அங்க பட்டியல் இருக்கு. விக்டோரியாவின்ர 1862 ரூபாயை எடுங்கோ. கன வருசம் அதே 1862 எண்டே திகதி போட்டு அடிச்சவங்கள். பின்பக்கம் புள்ளியளை எண்ணித்தான் எந்த வருசத்துக் காசெண்டு பிடிக்கிறது. பிரிட்மோர் எண்ட மனுசன் அதையெல்லாம் இருந்து எண்ணி, ராணியின்ர மார்பளவு உருவத்தையும் மார்பு ஏ, மார்பு பி எண்டு பிரிச்சு எழுதி வைச்சார். பம்பாய் 1938 ரூபாயில புள்ளி உள்ளது, இல்லாதது எண்டு ரெண்டு. ஒரு புள்ளிதான் வித்தியாசம், ஆனா ஆரும் மறுக்கேலாது, புத்தகத்தில கிடக்கு.

அதே பிரிட்மோர் 1962இல எழுதின ஆசியப் பாகத்தில இலங்கையும் இருக்கு. ஆனா யுத்த காலத்துச் சதத்தின்ர அச்சை அப்பிடி ஒருத்தரும் கிண்டேல்ல. கொட்ரிங்டன் இலங்கைக் காசைப் பற்றி 1924இல எழுதினவர், இந்தக் காசு அப்ப பிறக்கவே இல்லை.

இன்னொரு விசயம். 1911 'பண்டி ரூபாய்' கேள்விப்பட்டிருப்பியள். ஜோர்ஜ் மன்னற்ற சால்வையில இருந்த யானை பண்டி மாதிரித் தெரியுது எண்டு குழப்பம் வந்து, அடுத்த வருசம் தும்பிக்கையைத் திருத்தினவை. அதை வெரைட்டி எண்டு சொல்லுறது பிழை. அது அலங்காரத்தையே மாத்தினது, அச்சில வந்த பிழை இல்லை. பேஸ்புக்கில எல்லாத்தையும் ஒரு சாக்கில போட்டு 'எரர்' எண்டு விக்கினம். 2013 பத்து ரூபாக் குத்தியில 25 மாவட்டத்துக்கும் 25 படம் வந்ததுதானே, அதையும் 'ரேர் எரர்' எண்டு ஒருத்தன் எனக்கு அனுப்பினான். நுவரெலியாவின்ர குத்தி.

#12 நானுஓயா_டீமேக்கர்

நுவரெலியாக் குத்தி என்கிட்ட பதினாலு இருக்கு. பணக்காரன் ஆயிட்டேன் போல.

#13 கொழுந்துக்கூடை

நான் மஸ்கெலியா. காசு சேக்கிற ஆள் இல்ல, அண்ணனோட கணக்குல வாசிக்கிறேன், இப்ப சொந்தக் கணக்கு திறந்திட்டேன்.

ஒரு சந்தேகம். மாஸ்டர் சொன்னாரு, அச்சுல இருந்தா அதோட பிள்ளைங்க எல்லாத்துலயும் இருக்கும்னு. அப்ப ஒரே ஒரு காசை அனுப்பி 'இது அச்சுல இருக்கு'ன்னு சொன்னா அவங்க எப்படி நம்புவாங்க? ஒரு பிள்ளையை மட்டும் காட்டி, இந்த மச்சம் எங்க பரம்பரை மச்சம்னு சொல்ற மாதிரி இருக்கே. ரெண்டாவது ஒன்னு வேணாமா?

#14 கண்டி_யானைக்காசு

முப்பது வருஷம் வகுப்பெடுத்தும் இவ்வளவு நேர்த்தியாகக் கேட்ட பிள்ளைகள் குறைவு. வேண்டும் தங்கச்சி. ஒற்றைக் காசில் உருவத்தைப் பார்த்து 'அச்சு இரட்டிப்பாகத்தான் இருக்க வேண்டும்' என்று கைதேர்ந்தவர்கள் சொல்வார்கள். ஆனால் கட்டலொக்கில் ஏற்றுகிறவர்கள் இரண்டாவது காசைத்தான் கேட்பார்கள். அதே இடத்தில், அதே அளவில், அதே சாய்வில் இரட்டிப்பு இருந்தால் பேச்சே இல்லை. 1955 டபுள் டை சென்ட் அந்த வகையில் அதிர்ஷ்டக் காசு. வருஷமும் எழுத்தும் லென்ஸ் இல்லாமலே இரண்டாகத் தெரியும், ஆயிரக்கணக்கில் வெளியே போய்விட்டது. சிகரட் மெஷினில் மீதிக் காசாகப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்ததில் நிறைய வந்ததாகச் சொல்வார்கள். ஆளுக்கு ஒன்று கையில் இருந்ததால் யாரும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

என் பெயரில் யானை இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. 1801 தொடக்கம் பிரிட்டிஷார் கொழும்பிலேயே அடித்த தடித்த செம்புக் காசுகள், ஒரு பக்கம் யானை. அப்போதைய பணமான ரிக்ஸ்டொலரில் 12இல் ஒன்று, 24இல் ஒன்று, 48இல் ஒன்று. அவற்றுக்கு ஹப் ஒன்றும் இல்லை, ஒவ்வோர் அச்சையும் ஒருவர் கையாலேயே வெட்டினார். ஒரு யானைக்கு வால் மேலே, ஒன்றுக்குத் தும்பிக்கை கயிறு மாதிரி, ஒன்று ஆடு மாதிரியே இருக்கும். என்னிடம் இருக்கிற ஒன்பதில் ஒரே அச்சில் விழுந்தது இரண்டுதான். இங்கே 'வெரைட்டி' என்று எதைச் சொல்வது? ஒவ்வோர் அச்சும் ஒரு வெரைட்டி. அதே காலத்தில் 1802இலிருந்து இங்கிலாந்திலிருந்து வந்த யானைக் காசுகளில் யானை அத்தனையும் ஒரே அச்சு வார்ப்பு மாதிரி. இரண்டுக்கும் ஒரே அளவுகோல் வைக்க முடியாது. கம்பனி லேபிள் என்ன செய்கிறது? கொழும்பு யானைகளுக்கும் வருஷம், பெறுமதி, ஒரு கட்டலொக் எண், முடிந்தது. ஆடு யானைக்கும் அதே எண். எனக்கு அதில் கோபம் இல்லை, யாரும் அந்த யானைகளை வரிசைப்படுத்திக் கொடுக்கவில்லை என்ற வெட்கம்தான். கொடுக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன், சோம்பேறி.

#15 வல்வெட்டியான்_கண்டியில்

மாஸ்டர், ஆட்டு யானையின்ர படம் போடுங்கோ. இல்லாட்டி நித்திரை வராது.

#16 கொழுந்துக்கூடை

எங்க அப்பாயி சுருக்குப்பையைக் கொட்டிப் பாத்தேன். பாக்குவெட்டி, ஒரு பழைய பெரட்டுச் சீட்டு, கூந்தல் ஊசி, அதோட காசு பதினொன்னு. ஒரு சதம் ஆறு. அதுல 1943 நாலு. போன்ல கண்ணாடி ஒட்டி வச்சுப் பாத்தேன், மூணுல புள்ளி ஒன்னுதான். ஒன்னுல புள்ளியே இல்ல, தேய்ஞ்சிருச்சு. அப்பாயி கேக்குது, அவ்வளவு உத்துப் பாக்குறியே தங்கமான்னு.

இல்லன்னு தெரிஞ்சதும் ஒரு கணக்குத்தானே? நாலுல இல்ல.

#17 பண்டாரவளை_மணிக்கூடு

கணக்குத்தான் மகள். எழுதி வச்சுக்கங்க. எத்தனை பாத்தோம், எத்தனையில இல்லன்னு சொல்லாம 'அபூர்வம்'னு சொன்னா அது பேஸ்புக் கதை.

நானும் கடையில இருக்கிற தகரப் பெட்டியை எடுக்கிறேன். மணிக்கூடு திருத்த வந்தவங்க காசு இல்லாம, பழைய குத்தியைக் குடுத்திட்டுப் போன காலம் ஒன்னு இருந்திச்சு. ரெண்டு நாள் தாங்க. இங்க மழை, கரண்ட் வேற விட்டு விட்டு வருது.

#18 நானுஓயா_டீமேக்கர்

கிடைச்சா என்ன செய்றது? மறுபடியும் ஆறு மாசம், மறுபடியும் அதே ஒரு வரிதானே?

#19 கண்டி_யானைக்காசு

கிடைத்தால் கம்பனிக்கு அனுப்புவது கடைசி வேலை. முதலில் இரண்டையும் ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் படமெடுத்து, ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பார்க்க வேண்டும். புள்ளிக்கும் எழுத்துக்கும் இடைவெளியை அளந்து எழுத வேண்டும். பிறகு நுமிஸ்டா போன்ற, சேகரிப்பாளர்களே தகவல் சேர்க்கிற கட்டலொக்கில் அந்தக் காசின் பக்கத்துக்குக் குறிப்பு அனுப்பலாம். அங்கே நடுவர்கள் கேள்வி கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டும். அந்தக் குறிப்புக்கு ஓர் இடம் கிடைத்த பிறகு, படிவத்தில் அதைக் காட்டி, கட்டணம் கட்டி, 'இதைப் பாருங்கள்' என்று கேட்பது வேறு மாதிரி இருக்கும். அப்போதும் மறுக்கலாம். இலங்கை ஒரு சதத்தில் இரட்டைப் புள்ளிக்காக உலகத்தில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று அவர்கள் பார்க்கத்தான் செய்வார்கள். இந்த இழையில் இப்போது ஆறு பேர்.

#20 சல்லி_ராஜா

ஏழு. 10,000.

#21 ஹட்டன்_சில்லறை

ராஜாண்ணே, விக்கிறதா இல்ல. கமிட்டித் தலைவர் இந்த இழையை யாரோ காட்டி வாசிச்சிட்டாரு. 'கோயில் காசு பேர் எடுத்தா அடுத்த தேருக்கு அந்தப் பெட்டியைக் கண்ணாடி அலுமாரியில வைக்கணும்'ங்கிறாரு. ஆயிரம் ரூபாவைத் திருப்பித் தாரேங்கிறாரு! நான் இன்னும் பதில் சொல்லல.

#22 பண்டாரவளை_மணிக்கூடு

எல்லாரும் உட்காந்திருக்கீங்களா?

பெட்டியில ஒரு சதம் மொத்தம் 63. அதுல 1943 இருபத்தி ரெண்டு. கரண்ட் இல்லாம ஜன்னலோரம் ஸ்டூல் போட்டு ஒவ்வொன்னா பாத்தேன். பத்தொன்பதாவது காசு. ரெட்டைப் புள்ளி. 'த' பிளவும் இருக்கு. தேய்மானம் தம்பியோடதை விட அதிகம், ஆனா சந்தேகமே இல்ல. படம் போட்டிருக்கேன், பாருங்க.

கையெல்லாம் நடுங்குது. மணிக்கூடு திறக்கிறப்ப நடுங்காத கை.

#23 வல்வெட்டியான்_கண்டியில்

ஐயோ! ரெண்டு படத்தையும் போன்ல ஒண்டுக்கு மேல ஒண்டு வைச்சுப் பாத்தன். மயிர் பிசகேல்ல. ஓம், ஒரே அச்சு!

#24 கொழுந்துக்கூடை

மொத்தம் இருபத்தேழுல ரெண்டு. எங்க நாலையும் சேத்து எழுதுங்க.

#25 கண்டி_யானைக்காசு

சேர்க்கிறோம் தங்கச்சி. மணிக்கூடு அண்ணன், படத்தில் இன்னொன்று தெரிகிறது. தமிழ் எழுத்துக்குக் கீழே, விளிம்புப் பக்கமாக ஒரு மெல்லிய கோடு ஓடுகிறதா, அல்லது கீறலா? கீறல் என்றால் பள்ளமாக இருக்கும். மேடாக இருந்தால் அச்சு வெடிப்பு. வெடித்த இடத்துக்குள் உலோகம் போய் எழும்பி நிற்கும்.

#26 பண்டாரவளை_மணிக்கூடு

மேடுதான் மாஸ்டர். எழுத்தடியில ஆரம்பிச்சு விளிம்பைப் பாத்துப் போகுது, பாதியில நிக்குது.

#27 ஹட்டன்_சில்லறை

அண்ணே, என்னதுலயும் அந்தக் கோடு இருக்கு! பெட்டியில பட்ட கீறல்னு இவ்வளவு நாளா நினைச்சிட்டேன். உங்களதுல விளிம்பைத் தொடுதா தொடலையான்னு மட்டும் இன்னொரு தடவை நல்லாப் பாத்துச் சொல்லுங்க.

#28 பண்டாரவளை_மணிக்கூடு

டோர்ச் அடிச்சுப் பாத்திட்டேன். தொடல. உங்களதுல?

#29 ஹட்டன்_சில்லறை

தொடுது. விளிம்பு வரைக்கும் போயிருச்சு.

#30 பண்டாரவளை_மணிக்கூடு

அப்ப என்னது மூத்தது தம்பி. வெடிப்பு வளர முன்னாடி விழுந்திருக்கு. ஞாயித்துக்கிழமை கடையை மூடிட்டு ஹட்டனுக்கு ரயில் ஏறுறேன், ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாப்போம். கமிட்டித் தலைவரையும் வரச் சொல்லுங்க, லூப் ரெண்டு கொண்டாறேன்.